என் பணம் எனக்கே கடனாக வந்த விதம்

சிகாகோ, 26ஆம் தெரு
அக்டோபர் 9

அன்புள்ள எலிகியோவுக்கு,

இங்கு நான் நலம். ஆப்பிள் தோட்டத்தில் நீயும் நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் திரைச்சீலைக்கு அந்தப் பக்கம் உன் தங்கை டெல்ஃபினா ஒரு சொல் விடாமல் கேட்டுக்கொண்டிருப்பாள். நீயோ எதற்கும் "ம்" என்பாய். அதனால் எழுதுகிறேன்.

அவள் வீட்டுக் கூடத்தில் இரண்டு வருடமாக நமக்கு ஒண்டுக் குடித்தனம். என் சோப்பைத் தேய்த்துக் குளித்துவிட்டு, "அண்ணி, சோப்பு தீந்துபோச்சு, வாங்கி வையுங்க" என்கிறாள். கோபம் தாங்காமல், உன்னிடம்கூடச் சொல்லாமல், ஏப்ரலில் வீடு தேடக் கிளம்பினேன். பதினெட்டாம் தெருவில் வோய்சிக் என்கிற போலந்துக்காரர் மாடியில் சின்ன வீடு வைத்திருக்கிறார். எனக்குப் பார்த்ததுமே பிடித்துவிட்டது. கடைசியில், உங்கள் கடன் வரலாறு எப்படி என்று கேட்டார். நான் பெருமையாக, "யார்கிட்டயும் அஞ்சு காசு கடன் வாங்கினது கிடையாதுங்க" என்றேன். மனிதர் முகம் சுருங்கிவிட்டது. கடனே வாங்காதவளை இந்த ஊரில் நம்பமாட்டார்களாம். நவம்பர் வரை அங்கே தன் மருமகன் இருப்பான், அதற்குள் ஒரு கடன் அட்டை வாங்கி ஒழுங்காகக் கட்டிக் காட்டு என்றார்.

முதல் வங்கியில் சமூகப் பாதுகாப்பு எண் கேட்டார்கள். இல்லை என்றதும், அது இல்லாமல் கணினி அடுத்த பக்கத்துக்கே போகாது என்று கையை விரித்தார்கள். இரண்டாவது வங்கியிலும் அதே பாட்டுதான். மூன்றாவது ஒரு சின்ன வங்கி. அங்கிருந்த மிஸ் ஆல்டன், வரி கட்டுவதற்காக நமக்குக் கொடுத்த எண்ணும் மெக்ஸிகோ பாஸ்போர்ட்டும் போதும் என்றாள். கூடவே, தவறாமல் பணம் கட்டியதற்கு ஏதாவது ஆதாரம் கொண்டுவரச் சொன்னாள். அவள் நினைத்தது கரண்ட் பில்லை. அது டெல்ஃபினா பெயரில் இருக்கிறது. நான் நம் சீட்டையே கூட்டிக்கொண்டு போனேன்.

திங்கட்கிழமை காலை பதினொரு பெண்கள், ஞாயிறு பூசைக்கு உடுத்தும் உடுப்பில், சீட்டு நடத்தும் தோன்யா ரெமேதியோஸ் தலைமையில் உள்ளே நுழைந்தோம். காவலாளி பதறி எழுந்தார். தோன்யா அவர் கையில் சூடாக ஒரு தமால் கொழுக்கட்டையைத் திணித்து, "நீ முதல்ல சாப்புடு தம்பி" என்று உட்காரவைத்துவிட்டு, சீட்டு நோட்டை மேசையில் போட்டார். "ஏழு வருஷம்மா. ஒரு வாரம் தப்பல. குடல்வால் ஆபரேஷன் அன்னிக்குக்கூட நர்சுகிட்ட குடுத்தனுப்பினா. இவள நம்பாம வேற யார நம்பப்போற?"

மிஸ் ஆல்டன் நோட்டைக் கடைசிப் பக்கம் வரை மரியாதையாகப் புரட்டினாள். கணினிக்கு இதைப் படிக்கத் தெரியாதே என்று வருத்தப்பட்டாள். முந்நூறு டாலரை ஈடாகக் கட்டினால், முந்நூறு வரை செலவு செய்ய அட்டை தருவதாகச் சொன்னாள். தோன்யா நோட்டைப் பட்டென்று மூடினார். "இவ காச வாங்கி வச்சுக்கிட்டு இவளுக்கே கடனா! இத்தன வருஷம் சீட்டு நடத்துறேன், எனக்கு இது தோணலையேடி!"

அட்டை வந்தது. சோளமாவு வாங்கினேன்; கடன் நெஞ்சை அறுக்க, அன்றே வங்கிக்கு ஓடிக் கட்டினேன். சோப்பு வாங்கினேன், மறுபடி ஓடினேன். நான்காம் தடவை மிஸ் ஆல்டன் என் கையைப் பிடித்துக்கொண்டு, "பில் வரட்டும்மா. அதுக்கு முன்னாடியே கட்டிட்டா நீங்க கடன் வாங்கினதே யாருக்கும் தெரியாது" என்று கெஞ்சினாள். அந்த மாதம் பில் வரும்வரை எனக்குச் சோறு இறங்கவில்லை.

போன வாரம் வோய்சிக் என் கணக்கைப் பார்த்தார். ஒரு குறையும் இல்லை என்றார். நவம்பர் முதல் தேதி சாவி தருகிறார். நமக்கென்று ஒரு கதவு, எலிகியோ! ஒப்பந்தத்தில் நம் இருவர் பெயரையும் எழுதச் சொன்னேன். என் கையெழுத்துக்குக் கீழே உன் இடம் காலியாக இருக்கிறது. வந்து போட்டுவிடுவார் என்று வோய்சிக்கிடம் சொல்லிவிட்டேன். பயமாக இருக்கிறது.

செர்ரி முடிந்ததும் வருகிறேன் என்றாய். பிறகு பேரிக்காய் என்றாய். இப்போது ஆப்பிள் என்கிறாய். ஏணியில் பார்த்து ஏறு. குவாதலூப்பே மாதா உனக்குத் துணையிருக்கட்டும். ஆப்பிளுக்குப் பிறகு அங்கே பறிப்பதற்கு வேறு பழம் இல்லை என்று விசாரித்துத் தெரிந்துகொண்டேன்.

உன் மனைவி,
எவெலியா