விலங்கு செல்லுக்குச் சுவர் உண்டா

ஜூலை 7, திங்கள்

காலையிலிருந்து பேய்க்காற்று. மாடியில் காயப்போட்ட என் லுங்கி பக்கத்து வீட்டு முருங்கை மரத்தில். பனியன் கம்பெனிக்கு நேவி ப்ளூ துணி வரவில்லை, என் கட்டிங் டேபிள் மதியம் வரை சும்மா. வாங்க வேண்டியது: துவரம் பருப்பு, பிளேடு, பூங்கொடிக்கு நீலப் பேனா.

சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்ததுமே பூங்கொடி: "ஏனுங்க, செல்லுல ஒரு சந்தேகமுங்க. மேல ஜெபா தம்பிகிட்டக் கேட்டுட்டு வந்தர்றனுங்க."

நான் வாங்கிக் கொடுத்த செல். அதில் சந்தேகம் என்றால் என்னிடம் கேட்டால் ஆகாதா? "கொண்டா அம்மிணி, நான் பாக்கறேன்" என்று கையை நீட்டினேன். விழுந்து விழுந்து சிரித்தாள். போன் இல்லையாம். உடம்புக்குள் இருக்கிற செல்லாம். அறிவியல் பாடமாம். சிரித்துக்கொண்டே படியேறிப் போய்விட்டாள். மேலே போய் அவனிடமும் சொல்லியிருப்பாள், அவனும் சிரித்தான், கீழே வரை கேட்டது.

ஏழாவதோடு நின்று செக்கிங் வேலைக்கு வந்தவள். இப்போது எட்டாவது தனித்தேர்வு. அடுத்தது பத்து, அப்புறம் தரம் பார்க்கிற கியூசி வேலை என்று கணக்கு. எழுதச் சொன்னதே நான்தான். மாடிக்குக் குடிவந்தவன் பி.எஸ்ஸி. தாவரவியல் என்று யார் கண்டது?

ஜூலை 9, புதன்

காற்று குறையவில்லை. கண்ணெல்லாம் மண்.

ஜெ. பற்றி: ஊர் தூத்துக்குடிப் பக்கம். எக்ஸ்போர்ட் ஆபீஸில் வேலை. ஞாயிறானால் சர்ச். பீடி, சிகரெட், தண்ணி எதுவும் இல்லை. குறை சொல்ல ஒன்றாவது வேண்டாமா மனுசனுக்கு! அவளை "அக்கா" என்கிறான், சரி. என்னை "அண்ணாச்சி" என்கிறான். நான் என்ன மளிகைக் கடையா வைத்திருக்கிறேன்?

படிக்கட்டில் நிறுத்தினான். "அண்ணாச்சி, அக்காக்கு நல்லா மண்டையில ஏறுது. ஒரு தடவ சொன்னா கப்புனு பிடிச்சுக்கிடுதாவ."

அவள் மண்டையைப் பற்றி எனக்கே சர்டிபிகேட்.

ராத்திரிச் சாப்பாட்டில் முழுக்க அவன் புராணம்தான். உட்கரு மேனேஜர் ரூமாம், எல்லா ஆர்டரும் அங்கிருந்துதான் வருமாம். மைட்டோகாண்ட்ரியா ஜெனரேட்டர், செல்லுக்குச் சக்தி கொடுக்கும். ரைபோசோம் தையல் லைன், ஆனால் தைப்பது புரதம். அதை வாங்கிப் பொட்டலம் கட்டி அனுப்பும் கோல்கை, பேக்கிங் செக்‌ஷன். "எவ்வளவு அழகாச் சொல்லுதுங்க அந்தத் தம்பி!"

ஏசியில் உட்கார்ந்திருப்பவனுக்குப் பேக்கிங்கைப் பற்றி என்ன தெரியும்? கட்டிங் எங்கே வருகிறது என்று கேட்டேன். ஒவ்வொன்றாக விரல்விட்டு எண்ணினாள்.

"கட்டிங் இல்லீங்களாட்ட இருக்குது."

அடுத்த தோசை வேண்டாம் என்று எழுந்துவிட்டேன். நல்ல பசி.

ஜூலை 12, சனி

தூறல், பிறகு வெயில். சீக்கிரம் விட்டார்கள். பூ.வுக்குப் பிடிக்குமே என்று ஜிலேபி வாங்கிக்கொண்டு வந்தால், படிக்கட்டில் இரண்டு தலைகள் ஒட்டினாற்போல. நடுவில் கண்ணாடித் துண்டு, அதன்மேல் வெங்காயத்தின் உள்தோல். துணியில் இழை எண்ணுகிற லென்ஸை ஆபீஸிலிருந்து கொண்டுவந்திருக்கிறான்.

"ஏனுங்க, வந்து பாருங்க, கட்டங்கட்டமாத் தெரியுது!"

குனிந்து பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை என்று சொன்னேன். தெரிந்தது. செங்கல் அடுக்கினாற்போல மங்கலாக வரி வரியாக. நன்றாகத்தான் இருந்தது. அவன் காட்டிவிட்டானே என்று வயிறு எரிந்தது.

உள்ளே வந்ததும் கேட்டாள். பாட விஷயமாக என்னிடம் கேட்ட முதல் கேள்வி. "அந்தக் கோடுதான் செல் சுவராமுங்க. செடிக்குத்தான் சுவரு, நம்மளுக்கு, ஆடு மாட்டுக்கெல்லாம் மெல்லிசாப் படலம் மட்டுந்தான், சுவரு இல்லீங்குது தம்பி. அப்படீங்களா?"

ஆமாம் என்றால் அவன் ஜெயித்த மாதிரி.

"அதெப்படி? காம்பவுண்டு சுவரு இல்லாத கம்பெனி திருப்பூர்ல எங்கயாச்சும் இருக்குதா? கட்டு கட்டாப் பீஸ் காணாமப் போயிரும். ரெண்டுக்கும் சுவரு உண்டு. அவன் படிச்சது செடி. ஆடு மாட்டப் பத்தி அவனுக்கென்ன தெரியும்? குண்டடத்துல ஆடு மேய்ச்சவன் நானு."

"அதுவுஞ் சரிதானுங்க" என்றாள்.

ஜிலேபி முழுவதையும் நாங்கள் இருவருமே தின்றோம். மாடிக்குக் கொடுக்கவில்லை.

ஜூலை 15, செவ்வாய்

வெயில். சைஸ் மாற்றி அடுக்கியதற்கு சூப்பர்வைசரிடம் பாட்டு.

மதியம் டேபிள் ஓரத்தில் உட்கார்ந்து செல்லில் செல் பார்த்தேன். தமிழ் வீடியோ. அவனுக்குத் தெரியாத ஒன்றையாவது பிடித்துக்கொண்டு போகலாம் என்று ஆசை. பசுங்கணிகம், செடிக்கு மட்டும், வெயிலை வைத்துச் சமைத்துக்கொள்ளும். நுண்குமிழ், செடியில் பெரிய தண்ணித் தொட்டி, நமக்குச் சின்னது. சென்ட்ரியோல், விலங்குக்கு, செல் பிரியும்போது வேலை. அப்புறம் அந்த டீச்சரம்மா அடித்துச் சொல்கிறது: விலங்கு செல்லுக்குச் சுவர் கிடையாது.

திரும்ப ஓட்டிப் பார்த்தேன். கிடையாதுதான்.

சொல்ல வேண்டும். சொன்னால், "ஜெபா சொன்னதே சரி" என்று என் வாயால் வர வேண்டும். வராது. செத்தாலும் வராது. அதுவும் போக, நான் சொன்னதையா எழுதப் போகிறாள்? வாத்தியார் அவன். நோட்டில் எழுதிக் கொடுத்தவன் அவன். அன்றைக்கு "அதுவுஞ் சரிதானுங்க" என்று என் மனம் நோகாமல் இருக்கச் சொல்லியிருப்பாள். பரீட்சையில் அவன் பேச்சுதான். பிறகு நான் எதற்கு வாயைத் திறந்து அசிங்கப்பட?

மைசூர்பா வாங்கி வந்திருக்கிறான், அக்கா நல்லா எழுதணும் என்று. நான் தொடவில்லை.

ஜூலை 17, வியாழன்

பரீட்சை. அரை நாள் லீவு. பல்லடம் ரோட்டில் பஸ்காரன்கள் ஹாரனிலேயே கையை வைத்திருந்தார்கள். பள்ளிக்கூட வாசலில் காத்திருந்தேன். மலர்ந்த முகத்தோடு வந்தாள். வண்டியில் ஏறியதுமே காதுக்குள் கத்தினாள்.

"தாவர செல்லு, விலங்கு செல்லு வேறுபாடு வந்துருச்சுங்க! பசுங்கணிகம், சென்ட்ரியோல், நுண்குமிழ், எல்லாம் எழுதிட்டேன்."

"சுவரு?"

"ரெண்டுக்கும் உண்டுன்னு எழுதிட்டனுங்க."

வண்டியை ஓரங்கட்டினேன். "அந்தப் பையன் இல்லேன்னுதானே நோட்டுல எழுதிக் குடுத்தான்?"

"ஆமாங்க. மொதல்ல அப்படித்தான் எழுதினேன். பொறகு நீங்க சொன்னது ஞாபகம் வந்துச்சு, அடிச்சுட்டு மாத்திட்டேன். தம்பி படிச்ச புள்ளதானுங்க, இல்லேங்கல. ஆனா நீங்க எனக்குத் தப்பாச் சொல்லுவீங்களா?"

வண்டியை மறுபடி ஸ்டார்ட் செய்தேன். முதலில் வந்தது சந்தோஷம்தான், சத்தியமாக. மற்றதெல்லாம் அப்புறம்தான் வந்தது.