தொட்டியின் சூடு அறுபது

பிப்ரவரி 4
லேபில் ஒன்பதாவது வருஷம். என்ன வேலை என்று கேட்பவர்களுக்கு இன்னும் அதே பதில்தான்: தார் மாதிரி இருக்கும் எண்ணெய் எவ்வளவு தார் மாதிரி இருக்கிறது என்று அளக்கிறேன். மண்ணுக்கடியில் மணலோடு ஒட்டிக் கிடப்பதை நீராவி விட்டு இளக்கி எடுக்கிறார்கள். ஆறினால் நகராது. அதனால் மெல்லிய எண்ணெய் கலந்துதான் குழாயில் தள்ளுவார்கள். எவ்வளவு கலப்பது என்பதை என் சீட்டைப் பார்த்து அத்தான் முடிவு செய்வார். அக்கா வீட்டுக்காரர், பம்ப் அறையில் ஆபரேட்டர். வீட்டில் அக்கா சொல்வதைக் கேட்கிறார், வேலையில் நான் எழுதுவதைக் கேட்கிறார். பாவம்.

பிப்ரவரி 11
சாப்பாடு சுட வைக்கும் அடுப்பு மண்டையைப் போட்டுவிட்டது. அளப்பதற்கு முன் எண்ணெய் பாட்டில்களை ஆற வைக்கும் தண்ணீர்த் தொட்டியில் அக்கா கொடுத்தனுப்பிய கேரியரை இறக்கினேன். பதினைந்து டிகிரியில் இருந்த சூட்டை அறுபதுக்கு ஏற்றினேன். அருமையான யோசனை. அத்தானும் வந்து ஒரு பிடி பிடித்தார். "இந்த மூளைக்கு நீ இங்க இருக்க வேண்டிய ஆளே இல்ல" என்றார்.

மத்தியான அளவு: கெட்டித்தன்மை எப்போதும் முந்நூறு காட்டும், இன்று எண்பது. புதுக் கிணற்று எண்ணெய் லேசு என்று எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். நிஜம்தான் போல. சீட்டு எழுதி அனுப்பிவிட்டேன்.

பிப்ரவரி 12
குழாய் அடைத்துக்கொண்டது. ஏழு கிலோமீட்டர். உள்ளே எண்ணெய் அசையமாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டது. அளக்க லேபுக்கும் எதுவும் வரவில்லை. மெல்லிய எண்ணெய் கலப்பதை அத்தான் நேற்று பாதியாகக் குறைத்தாராம்.

பிப்ரவரி 13
விசாரணை முடியும் வரை அத்தான் வரக்கூடாதாம். வேலையே போகலாம் என்கிறார்கள். போனில் அக்கா அழுதாள். "இருபது வருஷமா ஒரு வால்வைக்கூடத் தப்பாத் திருப்பாத மனுஷன்டி." அவசரப்பட்டிருப்பார் என்றேன்.

பிப்ரவரி 17
விசாரணை அதிகாரி பதினொன்றாம் தேதி விவரம் கேட்டார். ஞாபகம் இல்லை. வீட்டுக்கு வந்து இந்த நோட்டைப் புரட்டினேன்.

அறுபதுக்கு ஏற்றினேன் என்று எழுதியிருக்கிறேன். இறக்கினேன் என்று எழுதவில்லை. இறக்கவே இல்லை.

சூட்டோடு அளந்து, லேசு என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். அவர் அதை நம்பிக் குறைத்திருக்கிறார் — ஐயோ, என்ன பண்ணித் தொலைச்சேன்? அவசரப்பட்டிருப்பார்னு வேற சொன்னேனே!

பிப்ரவரி 18
சொல்லவில்லை.

பிப்ரவரி 19
சொல்லவில்லை. கேரியர் வந்தது. தொண்டையில் இறங்காது என்று நினைத்தேன். இறங்கியது.

பிப்ரவரி 20
அக்கா வீட்டுக்குப் போய் அத்தானிடம் சொன்னேன். அவர் மாவு சலித்துக்கொண்டிருந்தார். வீட்டில் இருப்பதால் அக்கா வேலை கொடுத்துவிட்டாள்.

"தெரியும். சும்மா உட்கார்ந்து யோசிச்சா எல்லாம் தெரியுது."

"அப்புறம் ஏன் சொல்லல?"

"நானும்தானே சூடாச் சாப்பிட்டேன்."

திரும்பினால் கதவோரம் அக்கா. சல்லடையை அத்தான் கையிலிருந்து வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். திட்டியிருந்தால் பிழைத்திருப்பேன்.

பிப்ரவரி 21
அதிகாரியிடம் இந்த நோட்டையே நீட்டினேன். பதினொன்றாம் தேதியை நகல் எடுத்துக்கொண்டார். 'அருமையான யோசனை' என்ற இடத்தில் சிவப்பு மையில் அடிக்கோடு போட்டிருக்கிறார். என் நோட்டிலேயே.

மார்ச் 2
அத்தான் பம்ப் அறைக்குத் திரும்பிவிட்டார். என்னை லேபிலிருந்து தூக்கி, குழாயை இளக்கும் ஆட்களோடு போட்டுவிட்டார்கள். நீராவி ஹோஸைப் பிடித்துக்கொண்டு நாளைக்கு இருநூறு மீட்டர். நான் அடைத்த குழாய், நானே இளக்குகிறேன். குறை சொல்ல ஒன்றுமில்லை.

அக்கா பேசுவதில்லை. கேரியரும் வருவதில்லை. காய்ந்த ரொட்டி. அவள் பேசாதது தாங்க முடியவில்லை.

மார்ச் 23
நாலாவது கிலோமீட்டர். மத்தியானம் குழாயோரமாகவே அத்தான் நடந்து வந்தார். கையில் கேரியர்.

"குடுத்துட்டு வரச் சொன்னா."

"வேற ஏதாவது சொன்னாளா?"

"ஆறிப்போயிருந்தா அப்படியே தின்னச் சொன்னா."

பக்கத்தில் ஹோஸ் புஸ்ஸென்று நீராவி விட்டுக்கொண்டிருந்தது. சாப்பாடு ஆறித்தான் இருந்தது. அப்படியே தின்றேன்.