மீதி ஊசி

நல்லூர், திருப்பூர்
9.6.2024

அன்புள்ள விழிக்கண்ணுக்கு,

நிர்மலாக்கா எழுதுவது. போனில் பேசலாம்தான். உன் மருமகள் ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறாள். நான் பேசுகிற ஊர்வம்பு உசிலம்பட்டி முழுக்கக் கேட்கிறது. கடிதமென்றால் ஒட்டி அனுப்பலாம்.

கெட்ட சேதியை முதலில் சொல்லிவிடுகிறேன். உன் ஊசி முனை இன்னும் கிடைக்கவில்லை. ஊசி உடைந்து உன் விரலில் ஏறிய அன்று நீ தைத்திருந்த குழந்தை பனியன் அத்தனையையும் மறுபடி இரும்பு தேடுகிற டிடெக்டர் வைத்துப் பார்த்தார்கள். அது வாயே திறக்கவில்லை. உடைந்த ஊசியின் எல்லாத் துண்டையும் அட்டையில் ஒட்டிக் காட்டாமல் புது ஊசி கிடையாது என்பது கம்பெனிச் சட்டம். ஆளுக்கே வேலை கிடையாது என்பது நம் ஃப்ளோர் இன்சார்ஜ் குகன் போட்ட சட்டம். "அந்தம்மா பயந்துட்டு எங்கியோ வீசிருச்சுங்க. முனை வந்தா வேலை, இல்லீன்னா இல்லீங்க" என்கிறார். அவர் வழுக்கையில் டிடெக்டரை வைத்துப் பார்க்கலாமா என்று எனக்கு ஓர் ஆசை.

அதனால் பழைய ஸ்பீக்கர் காந்தம் ஒன்றைக் கயிற்றில் கட்டி, சோற்று நேரத்தில் கழிவுத்துணி குடோன் ஓரமெல்லாம் இழுத்துக்கொண்டு திரிகிறேன். "ஏனுங்கக்கா, நாய்க்குப் பேரு வெச்சாச்சுங்களா?" என்று செக்கிங் பிள்ளைகள் கேட்கிறார்கள். முனை வரவில்லை. வேறு என்னென்னவோ ஒட்டிக்கொண்டு வருகிறது. இத்துடன் ஒரு கதவுக் கீல். துரு பாதியைத் தின்றுவிட்டது. விரித்துப் பார், வண்ணத்துப்பூச்சி! தபாலாபீசில் குலுக்கிப் பார்த்து "உள்ள என்னங்க?" என்றார்கள். "நகைங்க" என்றேன்.

சர்க்கரைக்காரி, சோற்றைக் குறை.

உன்
நிர்மலா

உசிலம்பட்டி
22.6.2024

அன்புள்ள அக்காவுக்கு வேல்விழி வணக்கம்.

நகை வந்தது. "இரும்புக்கடையில போட்டா பேரீச்சம்பழமாச்சும் தருவாய்ங்க அத்தை" என்றாள் மருமகள். தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டேன். கரண்டு இல்லாத நேரம் ஜன்னல் வெளிச்சத்தில் விரித்தால் ஓட்டை வழியாகச் சுவரில் பொட்டுப் பொட்டாக வெயில் விழுகிறது.

பதிலுக்கு ஒரு லாடம் அனுப்புகிறேன். மாடு எந்தக் காலத்திலோ செத்துப்போனது. உள்பக்கத் துருவைப் பார், சாயந்தர வானம் மாதிரி.

ராஜபாண்டி வாய் திறந்து ஒன்றும் சொல்வதில்லை. பெற்ற மகன்தானே. ஆனால் தட்டு வைக்கிற சத்தம் எல்லாம் சொல்லிவிடுகிறது. முனை கிடைத்தால் அன்றைக்கே பஸ் ஏறுவேன் அக்கா. அந்த மிஷின் ஒன்றுதான் எனக்கு.

விரல் மேலே ஆறிவிட்டது. உள்ளேதான் குத்துகிறது. கம்பெனியில் ஊசியைப் பிடுங்கிக் கட்டுப் போட்ட நர்ஸ் பிள்ளை போகப் போகச் சரியாகும் என்றது. எழுத்து கோணலாக இருக்கும், பொறுத்துக்கொள்.

இப்படிக்கு
வேல்விழி

நல்லூர்
7.7.2024

விழிக்கண்ணு,

லாடம் டி.வி. மேல் ஏறிவிட்டது. "ஊட்டுக்குள்ள காயலான் கடை வெச்சுட்டியா?" என்கிறார் சசிகுமார். கட்டின புருஷனுக்கு அழகு தெரிந்திருந்தால் என்னை ஏன் கட்டப்போகிறார்! இந்தக் கலரை வீரபாண்டி சாயப்பட்டறையில் கொடுத்தால் ஒரு மாசம் கலக்கினாலும் ஷேடு வராது.

இந்தத் தடவை அரைக் கத்தரிக்கோல். படுக்கவைத்தால் மீன், கண் இருக்கும் இடத்தில் ஆணித் துளை.

உன் மிஷினில் ஒடிசாப் பெண் ஒன்றை உட்கார வைத்திருக்கிறார்கள். தற்காலிகம்தான், பயப்படாதே. காந்தம் நிற்கவில்லை. இனி கக்கூஸ் பக்கம்தான் பாக்கி.

விரலுக்கு மஞ்சள் பத்துப் போடு. அது வேலையில்லாத வலி. மிஷினில் உட்கார்ந்தால் ஓடிவிடும்.

உன்
நிர்மலா

உசிலம்பட்டி
11.8.2024

அக்கா,

இடது கையால் எழுதுகிறேன். முனை கிடைத்துவிட்டது. இனித் தேடாதே.

விரல் கறுத்துப்போய் மதுரைப் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனான் மகன். படம் எடுத்தார்கள். எலும்பை ஒட்டி வெள்ளையாக ஒரு கீறல் தெரிந்தது. சர்க்கரை உடம்பு, எலும்பு வரைக்கும் சீழ். ஆள்காட்டி விரலை எடுத்துவிட்டார்கள்.

முனையை டாக்டரிடம் கேட்டு வாங்கினேன். பைத்தியம் என்று நினைத்திருப்பார். பஞ்சில் வைத்திருக்கிறேன், பார்த்துப் பிரி. நாம் அனுப்பியதிலேயே இதுதான் சின்னது. ஓரத்தில் துரு ஏறியிருக்கிறது. கலர் பிடித்திருக்கிறதா, எழுது.

குகன் சாரிடம் கொடு. நான் எதையும் வீசவில்லை என்று சொல். பனியனை எல்லாம் பார்த்தோமே அக்கா, என் கையை ஒருத்தரும் பார்க்கவில்லையே.

வேல்விழி

நல்லூர்
20.8.2024

விழி,

குகனிடம் கொண்டுபோனேன். உன் அட்டையை எடுத்து, பாதி ஊசிக்குப் பக்கத்தில் முனையை வைத்தார். பொருந்தியது. சந்தேகம் தீரவில்லை போல, டிடெக்டரை மேலே பிடித்தார். கத்தியது. அவ்வளவு சின்னது, கடைசி மேஜை வரைக்கும் கேட்டது.

"கரெக்டுங்க. அந்தம்மாவைத் திங்கக்கிழமை வரச் சொல்லுங்க. அதே மிஷின்தான்" என்றார்.

"எந்த வெரல்ல துணியத் தள்ளறதுங்க?" என்றேன்.

டேப்பைக் கிழித்துக்கொண்டிருந்த கை நின்றது. பிறகு ஒட்டினார். முனை விரலுக்குள் இருந்தது, நீ வீசவில்லை என்று அட்டையில் அவரையே எழுதவைத்து, எல்லோர் முன்னாலும் சத்தமாகப் படிக்க வைத்துவிட்டேன்.

படித்து முடித்ததும் ஒடிசாப் பெண் எழுந்தது. வளையலைக் கழற்றி மிஷின் மேல் வைத்துவிட்டு, டிடெக்டருக்கு நேரே கையை நீட்டியது. அதற்குப் பின்னால் இன்னொருத்தி. அப்புறம் லைனே எழுந்துவிட்டது. ஊசி ஏறாத விரல் நம்மில் எவளுக்கு இருக்கிறது? குகன் கத்திப் பார்த்தார், ஒருத்தியும் நகரவில்லை. யார் கைக்கும் அது சத்தம் போடவில்லை. நானும் நீட்டினேன். மஞ்சள் பத்துப் போடச் சொல்லி எழுதிய கை.

காந்தத்தைக் குடோன் ஓரத்திலேயே போட்டுவிட்டேன். திங்கட்கிழமை நீ வராதே. பிசிறு வெட்டுகிற வேலைக்கு இரண்டு விரல் போதும்; அதைக் கேட்டு வைக்கிறேன். தங்க என் வீடு இருக்கிறது. அதற்கு வா.

லாடம் டி.வி. மேலேயே இருக்கிறது. சாயந்தரம் வெயில் பட்டால் இன்னமும் அழகுதான். நீ கேட்டிருந்தாயே, முனையின் கலர். இரண்டு தரம் எழுதி அடித்துவிட்டேன்.

நிர்மலா