மருந்துப் பைக்குள் வைக்கும் வரிகள்

கரக்
வெள்ளிக்கிழமை, தொழுகை முடிந்து

அன்பு மகள் தக்ரீதுக்கு வாப்பா சொல்லச் சொல்ல எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் காவலில் நானும் உம்மாவும் எழுந்து நடமாடிக்கொண்டுதான் இருக்கிறோம், என் முழங்கால் மட்டும் படியைப் பார்த்தால் முரண்டு பிடிக்கிறது. நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் அந்தப் பனியில் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும். நீ பதறிக்கொண்டு படிக்க வேண்டாம் என்பதற்காக முக்கியமானதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கையெழுத்து யாருடையது என்று உனக்கே தெரிந்திருக்கும். உன் தம்பி மிஸ்பாஹ்தான் எழுதுகிறான், அறைக்குள் இருந்து இல்லை, முற்றத்தில் அத்திமரத்தடியில் பலகை போட்டு உட்கார்ந்து. போன செவ்வாய்க்கிழமை டாக்டர் அவனைப் பார்த்துவிட்டு ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டியதில்லை என்று சொல்லிவிட்டார். அதனால் நீ டிக்கெட் எடுக்காதே, வேலையையும் விடாதே. ஆலிவ் பறிக்கும்போது சந்தோஷமாக வா, போதும்.

போனில் நீ கேட்கும்போதெல்லாம் ஒன்றுமில்லை ஒன்றுமில்லை என்று உம்மா மழுப்பினாளே, நடந்ததை இப்போது சொல்கிறேன். குளிர் தொடங்கியபோதே அவன் மனசுக்குப் போடும் மாத்திரையை நிறுத்திவிட்டான். பிறகு கதவைச் சாத்திக்கொண்டான். குளியல் இல்லை, பேச்சு இல்லை, தட்டை வாசலில் வைத்தால் பாதி நாள் அப்படியே ஆறிக் கிடக்கும். பெருநாளுக்குள் மாத்திரை போட ஆரம்பிக்காவிட்டால் வண்டி அனுப்பித் தூக்கிப் போய்த்தான் சேர்க்க வேண்டும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். முன்பு ஒரு தடவை அவனை அப்படிக் கொண்டுபோனதை நீ பார்த்ததில்லை, நான் பார்த்தேன். அன்று அவன் போட்டிருந்த சட்டைப் பொத்தான் கூட எனக்கு ஞாபகம் இருக்கிறது. இன்னொரு தடவை அதைப் பார்க்கிற தெம்பு எனக்கில்லை. அதனால் எனக்குத் தெரிந்த வழியில் இறங்கினேன். ஹாஜி ஃபாலிஹையும் நம் குடும்பத்துப் பெரியவர்கள் ஏழெட்டுப் பேரையும், சமாதானத்துக்கும் சம்பந்தத்துக்கும் பேசப் போவார்களே, அந்த ஜாஹாவாக அழைத்து வந்தேன். ரத்தப் பழியையே தீர்த்துவைத்தவர்கள், முதலில் ஒரு குளியலைத் தீர்த்துவைக்க மாட்டார்களா, மாத்திரையைப் பிறகு பார்க்கலாம் என்று நினைத்தேன். எல்லாரும் தங்கக் கரை போட்ட அங்கி அணிந்து அவன் அறைக்கதவுக்கு முன்னால் வரிசையாக உட்கார்ந்தார்கள். நான் ஏலக்காய்க் காப்பி ஊற்றினேன். ஹாஜி ஃபாலிஹ் கோப்பையை வாயில் வைக்காமல் தரையில் வைத்துவிட்டுத் தொண்டையைச் செருமினார், உங்கள் வீட்டுக்கு ஒரு காரியமாக வந்திருக்கிறோம், சரியென்று சொல்கிற வரைக்கும் இந்தக் காப்பியைக் குடிக்க மாட்டோம் என்று மூடின கதவைப் பார்த்து ஆரம்பித்தார். எங்கள் கல்யாணத்துக்குப் பேசியதைவிட நீளமாகப் பேசினார் என்று உம்மா சொல்கிறாள்.

காப்பி தரையில் ஆறிக்கொண்டிருக்க எந்த மகனால் மாட்டேன் என்று சொல்ல முடியும். கொஞ்ச நேரம் கழித்து உள்ளேயிருந்து, “குளிக்கிறேன் சித்தப்பா, காப்பியக் குடிங்க” என்று ஒரு குரல் வந்தது. அவர்கள் குடித்தார்கள், துஆ செய்தார்கள், காரியம் முடிந்தது என்று என் தோளைத் தட்டிவிட்டுப் போனார்கள். அவனும் குளித்தான். தண்ணீர்ச் சத்தத்தோடு அவன் அழுகிற சத்தமும் கேட்டது. அதற்குப் பிறகு உம்மாவுக்குக்கூடக் கதவு திறக்கவில்லை, உள்ளேயிருந்து பதில் சொல்வதையும் நிறுத்திவிட்டான். உம்மா என்னை விடவில்லை. “பொண்ணு கேக்கப் போற மாதிரி ஊரையே திரட்டிட்டு வந்தீங்களே, மாப்பிள்ளைக்கு ஒரு சோப்பாவது வாங்கிட்டு வந்தீங்களா” என்றாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை அன்று. இன்று சொல்லும்போது வருகிறது, எழுதுகிறவனும் சிரிக்கிறான், எழுதுடா என்று சொல்லியிருக்கிறேன்.

மாத்திரை வாங்க மட்டும் நான் கிளினிக்குக்குத் தவறாமல் போய்வந்தேன், அவன் போடாவிட்டாலும் வீட்டில் இருக்கட்டும் என்று. அங்கே இப்திஸாம் என்று ஒரு நர்ஸ், உரக்கப் பேசுகிற நல்ல பெண். மனசு சரியில்லாதவர்களுக்கு மருந்து கொடுக்கும்போது அந்தக் காகிதப் பைக்குள் ஒரு துண்டுச்சீட்டும் வைப்பாள். தன்னைத் தானே பார்த்துக்கொள்ள ஆறுதலாக நாலு வார்த்தை, அவ்வளவுதான். யாருக்குப் போகிறது என்று எழுதுகிறவருக்குத் தெரியாது. வரிகள் தீர்ந்துவிட்டன, காத்திருக்கிற குடும்பத்தார் ஆளுக்குக் கொஞ்சம் எழுதிக் கொண்டுவாருங்கள் என்று எல்லாரையும் கேட்டாள். எனக்கு எழுத்து தெரியாதம்மா, முப்பது வருஷம் தண்ணீர் லாரி ஓட்டினவன், ஊரில் எந்த வீட்டுத் தொட்டி எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று கேள், சொல்கிறேன் என்றேன். நீங்க சொல்லுங்க ஹாஜி, வீட்டுல யாராவது எழுதட்டும் என்றாள். வீட்டில் எழுதத் தெரிந்தவன் யார், அவன் ஒருவன்தானே. நான் தந்திரம் ஒன்றும் செய்யவில்லை, அந்தப் பெண்ணுக்கு வாக்குக் கொடுத்துவிட்டேன், ஞாயிற்றுக்கிழமை வெறுங்கையோடு போக முடியாது. நாற்காலியைக் கதவோரம் போட்டு உட்கார்ந்து விஷயத்தைச் சொன்னேன். காகிதமும் பேனாவும் கதவிடுக்கில் தள்ளினேன். தைரியமாக இரு, ஆண்டவன் மேல் பாரத்தைப் போடு, நீ ஆம்பளை, இப்படி மூன்று நல்ல வரி சொன்னேன். காகிதம் உள்ளே இழுபடுகிற சத்தம் கேட்டது. அப்புறம், “இத நான் எழுத மாட்டேன் வாப்பா” என்றான்.

அத்தனை நாளுக்குப் பிறகு வாயைத் திறந்தவன் என்னைத் திருத்துவதற்காகத் திறந்தான். ஏன்டா என்றேன். தைரியமாக இரு என்றால் இப்போது நீ கோழை என்றுதானே படிக்கிறவனுக்குப் படும் என்றான். சரி, நான் விடுவேனா, குழாயில் தண்ணீர் வரும் நாளில் தொட்டி மூடியைத் திறந்து வைத்தால் போதும், நிரம்புவது தானாக நிரம்பும் என்று ஒன்று சொன்னேன், எனக்கே பிடித்திருந்தது. அதற்கு அவன், “அவங்களுக்கு உவமைய அவுக்கத் தெம்பு இருக்காது வாப்பா, நேரா சொல்லுங்க” என்றான். நேராக என்றால் எப்படி, நீயே சொல் என்றேன். பல் தேய்க்க முடியாவிட்டால் பரவாயில்லை, வாய் கொப்பளித்தாலும் அது கணக்கில் சேரும் என்று எழுதலாம் என்றான். “இதுக்குப் போய் ஒரு காகிதமா” என்றேன். “இதுக்குத்தான் வாப்பா காகிதம்” என்றான்.

அப்படியே தினமும் அஸர் தொழுகைக்குப் பிறகு கதவுக்கு இந்தப்புறம் நான், அந்தப்புறம் அவன். ஜன்னல் பக்கம் திரும்பிப் படுத்தாலும் போதும். போனை எடுக்கத் தோன்றாவிட்டால் இருக்கிறேன் என்று ஒரு வார்த்தை அனுப்பு. ரொட்டியைச் சூடாக்க வேண்டாம், அப்படியே தின்னு. எல்லாம் அவன் சொன்னது, எனக்கு ஒன்று விடாமல் மனப்பாடம். என்னுடையதில் ஒன்றைத்தான் எடுத்துக்கொண்டான், அதுவும் நான் வரியாகச் சொன்னதில்லை. அவன் நெடுநேரம் பேசாமல் இருந்தான், நான் பயந்துபோய், “வெளியேதான்டா உக்காந்திருக்கேன், நீ ஒண்ணும் பேச வேணாம்” என்றேன். பேனா ஓடுகிற சத்தம் கேட்டது. என்னடா எழுதுகிறாய் என்றேன். நீங்கள் இப்போது சொன்னதைத்தான் என்றான். மகளே, எனக்குக் காது ஒரு பக்கம் மந்தம் என்று உனக்குத் தெரியும். நான் என்ன, என்ன என்று திரும்பத் திரும்பக் கேட்டதில் அவனுக்கே அலுத்துப்போய் ஒருநாள் கதவைத் திறந்துவிட்டான். தாடி கழுத்து வரைக்கும். உம்மா ஓடிவந்தாள், நான் கண்ணைக் காட்டினேன், பாவம் ஒன்றும் பேசாமல் தயிரும் ரொட்டியும் வைத்துவிட்டுத் திரும்பிப் போனாள், அடுப்படியில் போய் அழுதாள்.

ஆனால் மாத்திரை அப்படியே இருந்தது, பெருநாளும் நெருங்கிவிட்டது. நான் கேட்கவில்லை, கேட்டால் மறுபடியும் சாத்திக்கொள்வானோ என்று பயம். அந்த வாரம் இப்திஸாம் மாத்திரையைப் பற்றி ஒரு வரி வேண்டும், பாதிப் பேர் அதைத்தான் விட்டுவிடுகிறார்கள் என்று சொல்லி அனுப்பினாள். வந்து சொன்னேன். பேனாவை எடுத்தான், வைத்தான், எடுத்தான். “போட்டுக்காதவன் எழுதினா பொய்யாயிடும்” என்றான். பிறகு பேனாவை மூடி வைத்துவிட்டு உம்மாவைக் கூப்பிட்டுத் தண்ணீர் கேட்டான். அவள் தம்ளரைத் தளும்பத் தளும்ப நிரப்பி வழியெல்லாம் சிந்திக்கொண்டே ஓடிவந்தாள். போட்டுக்கொண்டான். அன்று வரி எழுதவில்லை, அவசரப்படுத்தாதீர்கள் என்றான். சில நாள் போட்ட பிறகுதான் எழுதினான். மாத்திரை போட்டால் தூக்கம் வரும், வாய் காயும், பக்கத்தில் தண்ணீர் வைத்துக்கொள், நானும் போடுகிறேன். இதுதான் அந்த வரி.

பெருநாளுக்குத் தாடியை மழித்துக்கொண்டு தொழுகைக்கு வந்தான். ஹாஜி ஃபாலிஹ் கட்டிப்பிடித்து, பார்த்தாயா எங்கள் காப்பி வேலை செய்ததை என்று என்னிடம் சொன்னார், இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். நீ போன் செய்யும்போது எப்படி இருக்கிறாய் என்று அவனைத் திரும்பத் திரும்பக் கேட்காதே, உன் வீட்டில் இன்று என்ன சமையல் என்று நீ சொல், அவன் பேசுவான். நீயும் வேளைக்குச் சாப்பிடு, எங்களை நினைத்து ராத்திரி விழித்துக்கொண்டு கிடக்காதே, பிள்ளைகளுக்குக் காதை மூடித் தொப்பி போடு. தூக்கத்துக்கு நல்லது என்று உம்மா மெலிஸா இலை அனுப்புகிறாள், கொதிக்கவைத்துக் குடி. உன் கையிலும் வீட்டிலும் அல்லாஹ் பரக்கத்தைச் சொரியட்டும், உன் பிள்ளைகள் உன்னை மகிழவைக்கட்டும்.

முடிவில், தம்பிக்கு முழுசாகக் குணமாகிவிட்டது, இனி கவலையே இல்லை என்று எழுதச் சொன்னேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டான். அக்காவுக்கு அப்படி எழுத மாட்டேன், நாளைக்கு எப்படி இருப்பேன் என்று எனக்குத் தெரியாது என்கிறான். எனக்குக் கோபம் வந்தது, உம்மாதான் அவன் சொல்கிறபடி விடுங்கள் என்றாள். சரி, அவன் சொல்கிறபடியே எழுதட்டும்.

இன்று நன்றாக இருக்கிறான்.

உன் வாப்பா
ஔதா, அபூ மிஸ்பாஹ்