நர்கீஸின் ராக்கெட் கடலில் விழுந்தது

3-10-1967
நர்கீஸ் திருவனந்தபுரம் போய் இன்றோடு ஒரு வருஷம். தோல் மண்டிக்காரன் என் மகள், கிண்டியில் இஞ்சினியர் படிப்பு முடித்து, கடற்கரையில் ராக்கெட் விடுகிற இடத்தில் உத்தியோகம். மூளை அம்மா வழி. சொன்னது அவள் அம்மாதான்.

போகும்போது சொன்னாள்: “ஒரு வருஷம் பாருங்க அத்தா. கைகூடலைன்னா வந்து வத்தலக்குண்டு மாப்பிள்ளையக் கட்டிக்கிறேன்.”

11-10-1967
கார்டு வந்தது. “எங்கள் ராக்கெட் போனது. நாலு நிமிஷத்தில் கடலில் விழுந்தது. நலம்.”
பிள்ளை எவ்வளவு தைரியமாக எழுதியிருக்கிறாள்! எனக்குத்தான் சோறு இறங்கவில்லை.

12-10-1967
காய்கறித் தரகு சுருளிவேல் மண்டிக்கு வந்தார். “விடுங்க பாய். என் தக்காளி வண்டி ரெட்டியார்சத்திரத்துக்கிட்ட கவுந்துச்சு. யாவாரத்த விட்டேனா?”
“உங்க தக்காளி தரையில விழுந்துச்சு, அள்ளிட்டீங்க. இது கடலு.”
மாப்பிள்ளையின் அத்தா சாகுல் ஹமீதுக்கு, கல்யாணம் பேச வரலாம் என்று எழுதிப் போட்டேன். பிள்ளை தோற்று நிற்கும்போது நாம் தாங்க வேண்டாமா?

15-10-1967
திருவனந்தபுரம். அவளைக் கூட்டிப்போக வந்தேன். “மனசு விட்றாத தாயி” என்று ஆரம்பித்தேன். அப்படிச் சிரிக்கிறாள்.
“மேல போனது கீழ வரத்தானே அத்தா செய்யும்? ஊருக்குள்ள விழக்கூடாதுன்னுதான் கடலோரத்துல வச்சு விடுறோம். எங்க விழும்னு கணக்குப் போட்டதே நான்தான். சொன்ன இடத்துல விழுந்திருச்சு.”
கணக்கு சரியாக வந்த பிள்ளைக்கு ஆறுதல் சொல்ல இரண்டு ரயில் மாறி வந்திருக்கிறேன்.

18-10-1967
வீட்டில் எல்லாம் சொன்னேன். வீட்டுக்காரி அஜீஸுன்னிசா முழுசும் கேட்டுவிட்டு ஒன்றுதான் கேட்டாள். “மெலிஞ்சிருக்காளா?”
மெலிந்துதான் இருக்கிறாள். பொய் சொல்ல வரவில்லை.

22-10-1967
சாகுல் ஹமீது வந்தார். நான்தானே கூப்பிட்டேன். “மக வேலைய விட மாட்டா. மாப்பிள்ளை அங்கன வந்து இருப்பாரா?” என்றேன்.
டீயைக் குடித்தார். “என் மகன் எங்க போவான் பாய், கடைய யாரு பாப்பாங்க?” என்று எழுந்துவிட்டார். வருத்தமாக இருக்கும் என்று பார்த்தேன். பசித்தது.

5-11-1967
நேற்று அஜீஸுன்னிசாவை மகளிடம் போக ரயிலேற்றினேன். ஆறு மாசமாவது கூட இருந்து சமைத்துப்போட்டு, பிள்ளையைத் தேற்றிவிட்டுத்தான் வருவாளாம். இன்று நானே வடித்த சோறு குழைந்துவிட்டது. சுருளிவேல் கத்தரிக்காய் கொடுத்துப் போயிருக்கிறார். அதை என்ன செய்வது என்று கேட்டு திருவனந்தபுரத்துக்குக் கார்டு போட்டிருக்கிறேன்.