எழுதாமல் விட்ட ஓவர்

ஈஸ்ட் ஹாம்
20 யூலை 2025

மதிப்புக்குரிய யோகராஜா மாமாவுக்கு,

இந்த நேரத்தில் எழுத உட்கார்ந்ததற்கு முதலில் மன்னிக்க வேண்டும். இரவு ஒரு மணி தாண்டிவிட்டது. பகலில் என் குழந்தை பெர்னடெற் பேனையைத் தொட விடமாட்டாள். அவளுக்கு ஆறு மாதம்.

நான் மரினா, சூசைதாசனின் மகள். நீங்கள் என்னைப் பார்த்ததில்லை. நீங்களும் அப்பாவும் கதைப்பதை நிறுத்தி நாலு வருடம் கழித்துத்தான் நான் பிறந்தேன். உங்கள் வீட்டுக்கு அரிசி மூட்டை கொண்டுவருகிற டூட்டிங் கடைக்காரர் இந்த விலாசத்தைத் தந்தார். போன் நம்பரும் தந்தார். எடுக்கப் பயமாக இருந்தது. நீங்கள் டக்கென்று வைத்துவிட்டால் அதற்குப் பிறகு எழுதவும் மனம் வராது.

சித்திரையில் அப்பாவுக்குப் பாரிசவாதம் வந்தது. வலது கை வழங்கவில்லை. பேச்சு தொண்டையில் நின்றுவிடுகிறது. பேச்சுப் பயிற்சிக்கு வருகிற பெண், அவருக்கு விருப்பமானதைக் கேட்டுக்கொண்டே இருக்கச் சொன்னாள். எங்கள் ஊர் மன்னாரைப் பற்றிக் கேட்டேன், மீன்குழம்பைப் பற்றிக் கேட்டேன், பேத்தியைத் தூக்கி மடியில் வைத்தேன். ஒன்றுமில்லை. இரவில் நாலைந்து தரம் எழும்பி இரண்டு பேருக்கும் மூச்சு வருகிறதா என்று பார்க்கிறேன். முதலில் குழந்தை, பிறகு அப்பா.

போன கிழமை மில்பீல்ட் மைதானத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. முப்பத்தைந்து வருடத்துக்கு முன் அங்கே உள்ளூர்க் கவுண்டி அணிக்கும் சுற்றுப்பயணம் வந்த இலங்கை அணிக்கும் நடந்த கிரிக்கெட் மட்சை நேரில் பார்த்தவர்களை, ஒகஸ்ட் 23 சனிக்கிழமை மதியச் சாப்பாட்டுக்கு அழைக்கிறார்கள். கடைசிப் பந்தில் முடிந்த அந்த மட்சைப் பற்றி அங்குள்ளவர்கள் இன்னமும் கதைப்பார்களாம். கடிதத்தை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன்.

"யோகன்" என்றார்.

அவ்வளவு தெளிவாக. மூன்று மாதத்தில் வந்த முதல் முழுச் சொல். என் பெயர்கூட அப்படி வரவில்லை, மாமா.

நீங்கள் அன்றைக்கு அவரோடு இருந்தீர்களா? வருவீர்களா?

அன்புடன்,
மரினா றூபன்


டூட்டிங்
25 யூலை 2025

திருமதி மரினா றூபன் அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. நான் அந்த மட்சைப் பார்க்கவில்லை. எதிர்ப்புப் பதாகையோடு மைதான வாசலில் நின்றேன். இது எல்லாருக்கும் தெரிந்த விஷயம்.

மட்சுக்கு முந்திய மாதம்தான் என் மனைவியின் தம்பி சயந்தனை இலங்கை ஆமி சுட்டது. வயது பத்தொன்பது. அந்த நாட்டின் பெயரை நெஞ்சில் போட்டுக்கொண்டு விளையாட வந்தவர்களுக்கு எழும்பி நின்று கைதட்ட உங்கள் அப்பாவால் முடிந்தது. பேப்பரில் வந்த படத்தை லண்டன் முழுக்கப் பார்த்தது.

அவர் சுகப்பட வேண்டும் என்று கும்பிடுகிறேன். குழந்தைக்கு என் ஆசி. இனி எழுத வேண்டாம்.

க. யோகராஜா


ஈஸ்ட் ஹாம்
29 யூலை 2025

மதிப்புக்குரிய மாமாவுக்கு,

எழுத வேண்டாம் என்றீர்கள். எழுதுகிறேன். கோபித்தால் என்னோடு கோபியுங்கள், அப்பாவோடு வேண்டாம். அவருக்கு இந்தக் கடிதம் தெரியாது.

சயந்தன் மாமாவைப் பற்றி எனக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. வாசித்து முடித்ததும் அப்பாவின் பெட்டியைத் திறந்தேன்.

அந்த மட்சின் ஸ்கோர்ப் புத்தகம் அதற்குள் இருந்தது. அப்பா ஒவ்வொரு பந்தையும் எழுதுகிறவர், உங்களுக்குத் தெரியும்தானே. அவருடைய இலக்கங்கள் காற்றில் சாய்ந்த மாதிரி ஒரு பக்கம் சரிந்திருக்கும். கடைசி நாளான மூன்றாம் நாள் தேநீர் இடைவேளை வரைக்கும் அப்படித்தான் இருக்கிறது. தேநீருக்குப் பிறகு இலக்கங்கள் நிமிர்ந்து நிற்கின்றன. ஏழுக்கு நடுவில் ஒரு குறுக்குக்கோடு. உங்கள் கடிதத்தின் தலையில் இருக்கிற தபால் குறியீட்டிலும் ஏழுக்கு அதே குறுக்குக்கோடு.

பேப்பர் படமும் மடித்து வைத்திருக்கிறது. அப்பா நின்று கைதட்டுகிறார். பின்னால் மர வாங்கில் ஒரு பதாகை கவிழ்ந்து கிடக்கிறது. அவர் காலையிலேயே காசு கொடுத்து உள்ளே போனவர், இலங்கைக்கு எதிராகக் கவுண்டிக்குக் கத்துவதற்கு. பதாகை கொண்டுபோகவில்லை.

"யோகராஜா மாமா உள்ளுக்கு வந்தவரோ அப்பா?" என்று கேட்டேன். இடது கையால் புத்தகத்தை மூடிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிவிட்டார்.

குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். முதல்முதல் நற்கருணை வாங்கிய என் புதுநன்மைக்கு அம்மா எண்பது பேருக்குச் சமைத்தா. அந்தப் படத்தை மறக்காத சனத்தில் பதினொரு பேர்தான் வந்தார்கள். வெள்ளைச் சட்டையோடு வாசலில் நின்றுகொண்டு, நான் என்ன பிழை விட்டேன் என்று யோசித்தேன். அப்பா எல்லா ரோல்ஸையும் பெட்டியில் அடுக்கிக்கொண்டே, "மழையெண்டு ஆக்கள் வரேல்லையாக்கும், பிள்ளை" என்றார். மழை பெய்யவில்லை.

இன்னொன்று. அந்தப் புத்தகத்தில் கடைசி ஓவர் இல்லை. ஆறு கட்டங்களும் வெறுமையாக இருக்கின்றன. அப்பா ஒரு பந்தைக்கூட விடமாட்டார். ஏன் மாமா?

இதை நான் ஒருவருக்கும் சொல்லவில்லை. என் கணவர் றூபனுக்கும்கூட.

மரினா


டூட்டிங்
6 ஒகஸ்ட் 2025

பிள்ளை மரினா,

ஐந்தாறு நாளாக உன் கடிதம் என் சட்டைப் பைக்குள் இருக்கிறது.

தேநீருக்குப் பிறகு கேற்றைத் திறந்து விட்டுவிடுவார்கள், ரிக்கற் கேட்க ஆள் இல்லை. தூறிக்கொண்டிருந்தது. எங்களோடு நின்றவர்கள் எல்லாரும் ரயிலுக்குப் போய்விட்டார்கள். நான் மட்டும் நின்றேன். உன் அப்பா வேலிக்கு அந்தப் பக்கம் வந்து, "டேய், மழைக்க நிண்டு ஆருக்குக் காட்டுறாய்? உள்ளுக்கு வந்து கவுண்டிக்குக் கத்து. அதுவும் எதிர்ப்புத்தான்" என்றான். போனேன். வாங்கு ஈரம். பதாகையைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் இருந்தோம். புத்தகத்தை என் கையில் திணித்துவிட்டு அவன் கச்சான் கடலை உடைக்கத் தொடங்கினான்.

கடைசி ஓவர். இலங்கைக்குப் பதினொரு ஓட்டம் வேண்டும், கையில் ஒரு விக்கெட். அவுட் ஆகு, அவுட் ஆகு என்று இரண்டு பேரும் கத்தினோம். கடைசியாக நின்றவன் சின்னப் பெடியன், தலைக்கவசம் கழுத்து வரைக்கும் இறங்கியிருந்தது. கடைசிப் பந்தை அவன் அடித்தான். அது எல்லைக் கயிற்றைத் தொட்டபோது நாங்கள் எழும்பி நின்று தட்டிக்கொண்டிருந்தோம். எப்போது எழும்பினோம் என்று எனக்குத் தெரியாது. பேனை புல்லுக்குள் கிடந்தது. அந்த ஓவர் முழுக்க ஒரு பந்தும் எழுதவில்லை. அவனுக்குச் சயந்தனின் வயதுதான் இருக்கும்.

படம் எடுத்தவனுக்கு உன் அப்பா தாசன் மட்டும் அகப்பட்டான்.

அடுத்த கிழமை ஒரு கலியாண மண்டபத்தில் எங்கள் ஆட்கள் இரண்டு பேரையும் சுற்றிப் பிடித்துக்கொண்டார்கள். "நீயும் உள்ளுக்குப் போனனியோ?" என்று என்னைக் கேட்டார்கள். "நான் வாசல்லதான் நிண்டனான்" என்றேன். தாசன் இரண்டு கதிரை தள்ளி இருந்தான். என்னைப் பார்த்தான். பிறகு அவர்களைப் பார்த்து, "ஓம், அவன் வாசல்லதான் நிண்டவன். நான் கண்டனான்" என்றான்.

அதற்குப் பிறகு அவன் முகத்தைப் பார்க்க எனக்கு ஏலாமல் போய்விட்டது. கோபித்துக்கொண்டவன் மாதிரி நடந்தேன். அது சுலபமாக இருந்தது.

என் மனைவி கனகாம்பிகைக்கு இன்றைக்கும் தெரியாது. தம்பியின் படத்துக்குத் தினமும் விளக்கு வைக்கிறாள். முப்பத்தைந்து வருடமாக அவளுக்கு நான் வாசலில் நின்ற மனுசன். என்னால் வர ஏலாது, பிள்ளை.

அந்த ஓவர் எனக்கு மறக்கவில்லை. பஸ்ஸில் போகும்போது பார்க்கில் வெள்ளை உடுப்பைக் கண்டால் ஆறு பந்தும் வந்துவிடும். புத்தகத்தில் நீயே எழுதிவிடு: முதலாவது ஓட்டமில்லை. இரண்டாவது ஒன்று. மூன்றாவது இரண்டு. நாலாவது நாலு. ஐந்தாவது ஓட்டமில்லை. ஆறாவது நாலு.

தாசன் இன்னமும் கச்சான் கோதைச் சட்டைப் பைக்குள்தான் போடுறவனோ?

யோகன்


ஈஸ்ட் ஹாம்
12 ஒகஸ்ட் 2025

அன்புள்ள மாமாவுக்கு,

இன்றைக்கும் நேரம் கெட்ட நேரம்தான். மன்னியுங்கோ.

உங்கள் கடிதத்தை அப்பாவுக்கு வாசித்தேன். வாசிக்கலாமா என்று இரண்டு நாள் பயந்தேன், பிரஷர் கூடிவிடுமோ என்று. கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். கலியாண மண்டபம் வந்த இடத்தில் வாசிப்பதை நிறுத்தினேன். இடது கையை ஆட்டினார், மேலே வாசி என்று.

ஓவருக்கு வந்தேன். முதலாவது ஓட்டமில்லை. தலையாட்டினார். இரண்டாவது ஒன்று. ஓம். மூன்றாவது இரண்டு. ஓம். நாலாவது நாலு என்றதும் கண்ணைத் திறந்துவிட்டார்.

"இல்லை."

"என்ன அப்பா?"

"ரெண்டு." மூச்சு எடுத்தார். "அஞ்சாவதும் ரெண்டு."

நான் விரலை மடித்துக் கூட்டிப் பார்த்தேன். உங்கள் கணக்கும் பதினொன்றுதான், அவருடையதும் பதினொன்றுதான். அதைச் சொன்னேன். அப்பாவுக்கு முகமெல்லாம் சிவந்துவிட்டது. ஒவ்வொரு சொல்லாக இழுத்து இழுத்து, "அவனுக்கு... எப்பவும்... கண்... மட்டம்" என்றார். பிறகு சிரித்தார். வாயின் ஒரு பக்கத்தால்தான் சிரிக்க ஏலும் அவருக்கு. குழந்தையும் அவரைப் பார்த்துச் சிரித்தாள்.

நீங்கள் சொன்னபடி எழுதுவதற்குப் பேனை எடுத்தேன். அப்பா ஆறு கட்டங்களுக்கும் மேல் கையைப் பரப்பி வைத்துவிட்டார். அவர் சொன்னபடி எழுதட்டுமா என்று கேட்டேன். அதற்கும் கையை எடுக்கவில்லை.

"யோகன்" என்றார். "அவன்ர முறை."

கம்பியூட்டரில் தேடினேன், மில்பீல்டுக்கு மின்னஞ்சலும் போட்டேன். கடைசிப் பந்து நாலு என்று மட்டும் எழுதி வைத்திருக்கிறார்கள். அந்த நாலாம் பந்தைப் பற்றிச் சண்டை பிடிக்க உலகத்தில் இரண்டு பேர்தான் இருக்கிறீர்கள் போல.

கனகாம்பிகை மாமியிடம் என்ன சொல்வதென்று எனக்குத் தெரியாது. தம்பியை இழந்தவவிடம் எதைச் சொல், எதைச் சொல்லாதே என்று சொல்ல நான் ஆர்? ஞாயிறு பூசையில் சயந்தன் மாமாவுக்கு ஒரு மெழுகுதிரி வைத்தேன். அது மட்டும்தான் எனக்குச் செய்யத் தெரிந்தது.

வருகிறவர்களின் பெயரைத் திங்கட்கிழமைக்குள், 18ஆம் திகதி, அவர்களுக்கு அறிவிக்க வேண்டும். அப்பாவின் பெயர் எழுதிவிட்டேன், என்னுடையதும் குழந்தையுடையதும். கீழே இரண்டு வரி விட்டிருக்கிறேன். மழை வருமோ, சக்கர நாற்காலி புல்லில் போகுமோ, குழந்தைக்குத் தடிமன் காய்ச்சல் பிடிக்குமோ என்று எனக்கு ஆயிரம் யோசனை. அப்பாவுக்கு ஒரு யோசனைதான்.

கச்சான் கொண்டுவர வேண்டாம் மாமா. விழுங்கும்போது சிக்கும் என்று டொக்டர் தடுத்திருக்கிறார். நீங்களும் அவருக்கு முன்னால் சாப்பிட வேண்டாம்.

புத்தகத்தைத் தலைமாட்டில் திறந்தபடியே வைத்திருக்கிறார். மூடவும் விடுகிறார் இல்லை. வருவதென்றாலும், வராமல் விடுவதென்றாலும், தயவுசெய்து கெதியாய் ஒரு பதில் போடுங்கோ.

மரினா