பொட்டு வைத்த கண்ணாடி

லாரி உரிமையாளர் சங்க மண்டபத்தின் மாடிப்படிக்கு அடியிலிருந்து நம் பழைய கணினிகளை இன்று வெளியே இழுத்தேன். மின்சாரம் கொடுத்ததும் உள்ளே படிந்திருந்த தூசி சூடேறி வாடை அடித்தது. நம் கடையின் வாடை. நீ இருந்திருந்தால் தும்மிக்கொண்டே யாரையாவது திட்டியிருப்பாய். இல்லாததால் இரண்டையும் நானே செய்தேன்.

புதுச்சத்திரத்தில் நாம் இருவரும் கணினி பழுது பார்க்கும் கடை போட்டபோது, பொம்பளைப் பிள்ளைகளுக்கு ஸ்குரூடிரைவர் பிடிக்கத் தெரியுமா என்று கேட்டவர்கள்தான் இந்தச் சங்கத்தார். பிறகு அவர்களே, மண்டபத்தில் டிரைவர்கள் இணையம் பார்க்கக் கணினி வேண்டுமென்று வந்தார்கள். கைபேசி எல்லாரிடமும் இருக்கிறது. நீளமான விண்ணப்பம் நிரப்பவும் பர்மிட்டை அச்செடுக்கவும் பெரிய திரை வேண்டும். கொடுத்ததோ யாரோ கழித்துப்போட்ட பெட்டிகள். விண்டோஸ் அவற்றில் எழுந்து உட்காருவதற்குள் டிரைவர் சங்ககிரி தாண்டிவிடுவார். அதனால்தான் விண்டோஸுக்குப் பதிலாக, எடை குறைந்த லினக்ஸ் ஒன்றைத் தேடினோம்.

இலேசானது என்று பெருமையடித்துக்கொண்டு வந்த ஒன்றில் வானிலை, பாட்டுப் பெட்டி, சீட்டாட்டம். "தண்ணி கேட்டா பந்தி போடறானுங்க" என்று அழித்தாய். இன்னொன்றில் தமிழ் எழுத்தே இல்லை, பக்கம் முழுக்க வெறும் கட்டங்கள். இதில் தாயம் ஆடுவதா என்று அதையும் அழித்தாய். கடைசியில் உலாவியை மட்டும் திறக்கும் ஒன்று கிடைத்தது. பென்டிரைவிலிருந்தே ஓடும். வேலை முடிந்து ஒரு பொத்தானை அழுத்தினால், வந்தவர் பார்த்தது, எழுதியது எல்லாவற்றையும் துடைத்துவிட்டுப் புதிதாக எழும். பெயர், முகவரியையாவது ஞாபகம் வைத்துக்கொண்டால் டிரைவர்களுக்குச் சுலபம்தானே என்று நான் வாதாடினேன். ஊருக்கெல்லாம் வைத்திருந்த இளக்காரத்தில் எனக்கும் ஒரு பங்கு வைத்திருந்தாய்.

"ஏம்புள்ள, பஸ்ஸுல ஒருத்தன் எந்திரிச்சுப் போயிட்டா சீட்டு அவனையே நெனச்சுக்கிட்டா இருக்குது?"

நீ கண்ணை மூடிய பிறகு சங்கத்துக்குப் புதுச் செயலாளர் வந்தார். டவுனில் பணக்காரர்கள் இருக்கும் ஃபேர்லேண்ட்ஸிலிருந்து சட்டை கசங்காத வியாபாரி ஒருவரைக் கூட்டிவந்து ஆளுயரத் தொடுதிரை ஒன்றை நிறுத்தினார். எல்லாவற்றையும் அதுவே ஞாபகம் வைத்துக்கொள்ளும் என்று வியாபாரி சொன்னதும் செயலாளருக்குப் புல்லரித்துவிட்டது. காலையில் சாப்பிட்டதே ஞாபகம் இல்லாத மனிதருக்குப் பின் எப்படி இருக்கும்? யாருடையதை ஞாபகம் வைத்து யாருக்குக் காட்டும் என்று கேட்டேன். நம் பெட்டிகள் மாடிப்படிக்கு அடியில் போயின.

ஆயுத பூஜையன்று லாரிகளுக்கெல்லாம் பொட்டு வைத்த கையோடு அந்தத் திரைக்கும் வைத்தார் செயலாளர். நம் காலத்தில் கண்ணாடியைத் தொடவிடாமல், பெட்டியின் தலையில் வைக்கச் சொல்வாய். இந்த மகானோ திரையின் மேல் மூலையில், முந்தைய பக்கத்துக்குப் போகும் அம்புக்குறி மேலேயே, குழைத்த சந்தனத்தை அப்பினார். ஈரச் சந்தனத்தை விரல் என்று நினைத்த திரை தானாகப் பின்னால் பின்னால் போயிற்று. கற்பூரம் காட்டும் நேரத்தில், பாதி நிரப்பிய ஒரு விண்ணப்பத்துக்கு வந்து, முடிக்காமல் வெளியேறவா என்று கேட்டபடி நின்றது. ஒரு டிரைவர் வெளிநாட்டில் டிரெய்லர் ஓட்டும் வேலைக்கு எழுதியது. பெயர், போட்டோ எல்லாம் ஆளுயரத்துக்கு. அவருடைய முதலாளி தேங்காயும் கையுமாக முன்வரிசையில் இருந்தார்.

"சொல்லாமப் போகப் பாத்தயாக்கும்" என்றார். பின்னால் நின்ற டிரைவரிடமிருந்து அங்கேயே வண்டிச் சாவியை வாங்கிக்கொண்டார்.

செயலாளர் இதற்குக் கண்டுபிடித்த காரணம் கண் திருஷ்டி. திரைக்கு எதிரே ஒரு பூசணிக்காய் கட்டினார். இதுகளெல்லாம் சங்கம் நடத்துகின்றன. அன்றோடு டிரைவர்கள் யாரும் அந்தப் பக்கமே போகவில்லை. வேறு வழியில்லாமல் என்னைக் கூப்பிட்டு, பழசையே போட்டுக் கொடுங்கம்மா என்றார். அவர் முகத்துக்காக நான் வரவில்லை.

மத்தியானம் சாவியை இழந்த அந்த டிரைவர் வந்தார். அந்த வேலைதான் இனி அவருக்கு மிச்சம். விண்ணப்பிக்க இன்றே கடைசி. வாசலிலேயே நின்று, "இதுலயும் அப்படியே நிக்குமுங்களா?" என்றார்.

"பஸ் சீட்டுங்ண்ணா. எந்திரிச்சா அவ்வளவுதான்" என்றேன். உன் வாய் எனக்கு வந்துவிட்டது.

ஒற்றை விரலால் அடித்து முடித்து அனுப்பினார். பொத்தானை அழுத்தியதும் திரை இருண்டது. அடுத்து, நீ எழுதிவைத்து நான் மறந்தே போயிருந்த வரி வந்தது: "முடிஞ்சுதுங்களா? போயிட்டு வாங்க. நீங்க ஆருன்னே எனக்குத் தெரியாதுங்க."

அவர் சிரித்துவிட்டார். இதை எழுதியது யாரென்று கேட்டார்.

"எனக்குத் தெரியுமுங்க" என்றேன்.